வலது கண்ணுக்கு ஒரு சுவர், இடது கண்ணுக்கு ஒரு சுவர்

"இந்தச் சுவர் என்ன நிறம், மருமகளே?"

மாமா இப்படிக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வியில் சூது ஒன்றும் இல்லை. எதிரே இருந்தது படம் எதுவும் மாட்டாத ஒரு துண்டுச் சுவர். நீலம் என்று சொன்னால் அவருடைய வேலை போய்விடும். வெள்ளை என்று சொல்லலாம் என்றால், உள்ளே நுழைந்தபோது அது எனக்கு நீலமாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்ற பிறகு வெள்ளையாகவும் தெரிந்தது. இரண்டில் எது நிஜம் என்று எனக்கே குழப்பம்.

"தெரியல மாமா."

"சுவரைப் பாத்து நிறம் தெரியலன்னு சொல்றதுக்கா பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போன?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் சுவரைப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை துடைத்தார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் ஊரில் இருக்கும் சின்னக் கலை அருங்காட்சியகத்தில் விளக்கு அமைப்பவர். விளக்குக்காரர் என்றால் சுவிட்சைத் தட்டுகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

அந்த அருங்காட்சியகம் ஒருகாலத்தில் நூல் மூட்டைகளை அடுக்கிவைத்த கிடங்கு. மூன்று அறைகள், ஒரு நீண்ட நடைவழி, வாசலில் ஒரு டிக்கெட் மேசை, அவ்வளவுதான். சொந்தமாக வைத்திருக்கிற படங்கள் நடைவழிக்கே பற்றாது. அதனால் மூன்று அறைகளிலும் சில மாதங்களுக்கு ஒரு முறை புதிய கண்காட்சி வரும். ஒரு தடவை பானைகள் வந்தன. ஒரு தடவை கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். ஒரு தடவை கம்பியை வளைத்துச் செய்த பறவைகள். ஒன்று முடிந்ததும் ஆணியைப் பிடுங்குவார்கள், ஓட்டையை அடைப்பார்கள், சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், அடுத்ததை மாட்டுவார்கள். எல்லாரும் கை கழுவிவிட்டுப் போன பிறகு மாமா ஏணியோடு வருவார். கூரையின் கீழ் நீளமாக ஒரு இரும்புப் பட்டை ஓடுகிறது. அதில் விளக்குகளை முன்னும் பின்னும் நகர்த்தலாம், திருப்பலாம், முகத்தில் நிறக் கண்ணாடித் தாள் செருகலாம். ஒவ்வொரு படத்துக்கும் எந்த விளக்கு, எவ்வளவு சாய்வு, என்ன தாள் என்பதை மாமாதான் முடிவு செய்வார்.

"பாக்க வர்றவன் படத்தைப் பாக்கணும், விளக்கைப் பாக்கக் கூடாது. விளக்கு நல்லா இருக்குன்னு எவனாவது சொன்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்" என்பார். இதை அவர் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டிலும் சொல்வார், பஸ் நிறுத்தத்திலும் சொல்வார்.

இளவயதில் ஊர் ஊராகப் போகிற ஒரு நாடகக் குழுவோடு சுற்றி மேடை விளக்கு பிடித்தவர் அவர். குழு கலைந்த பிறகு ஒரு புகைப்பட ஸ்டூடியோவில் இருந்தார். கிடங்கை அருங்காட்சியகமாக மாற்றியபோது, மின் ஒயர் இழுக்க வந்தவர்களோடு வந்து, அவர்கள் போன பிறகும் போகாமல் தங்கிவிட்டார். நிரந்தர வேலை கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை அங்கே உள்ள பொறுப்பாளர் அம்மா பார்த்து, சரி என்றால் இன்னொரு வருஷம். அவர் கேட்டது மாசச் சம்பளத்தை விட அந்த ஏணியைத்தான் என்று அத்தை சொல்வாள். அத்தைக்கு அந்த ஏணியைக் கண்டாலே ஆகாது.

என்னைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் அலைந்த காலம் அது. ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன், நின்றேன். துணிக்கடையில் சேர்ந்தேன், நின்றேன். "இவ நிக்கிறதுக்குன்னே சேர்றா" என்று அத்தை கேலி செய்வாள். வீட்டில் சும்மா இருக்கிற ஒரே ஆள் நான் என்பதால் இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது.

இப்போது யோசித்தால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மாமா தன் வீட்டு பல்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். முதலில் கூடத்தில், பிறகு சமையலறையில், கடைசியில் குளியலறையில். பழைய பல்பு மங்கல், வெளிச்சத்தில் அழுக்கு இருக்கிறது என்பார். புதியவை போட்ட பிறகு அந்த வீட்டுக்குள் போனால் எனக்குக் குளிர்கிற மாதிரி இருக்கும். "ஐஸ் ஃபேக்டரில குடித்தனம் பண்றேன்" என்று அத்தை எல்லாரிடமும் சொன்னாள். ஒரு கல்யாணத்துக்கு ஒரு காலில் கறுப்பு சாக்ஸும் மறு காலில் கருநீல சாக்ஸுமாக வந்தார். நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அறுபதை நெருங்குகிற ஆள் சாக்ஸ் மாற்றிப் போட்டால் யார்தான் கண் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்?

அருங்காட்சியகத்திலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. பானையின் மண் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாருக்குத் தெரியும்? கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் நிறம் ஏது? பொறுப்பாளர் அம்மா இதுதான் இப்போதைய நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்தாராம். வாட்ச்மேன் அண்ணன் பொறுப்பாளர் அம்மா சொல்லித்தான் இப்படி என்று நினைத்தாராம்.

பிறகு அந்த ஓவியர் வந்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். மூன்று அறைகளிலும் அவருடைய படங்கள்தான். எல்லாமே ஆள் இல்லாத வீட்டு அறைகள். மடித்த போர்வை, காலி நாற்காலி, பாதி திறந்த கதவு. ஒவ்வொரு படத்திலும் எங்கோ ஓர் இடத்தில் சாயங்கால வெயில் சதுரமாக விழுந்து கிடக்கும். அந்தச் சதுரம்தான் படத்தின் உயிர்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் அறைக்குள் வந்தார். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஓவியர் ஒரு படத்தின் முன்னால் நின்றார். அடுத்ததன் முன்னால் நின்றார். பிறகு திரும்பினார்.

"விளக்கு போட்டது யாரு?"

"நான்தாங்க" என்றார் மாமா, ஏணியின் மேலே இருந்து.

"நான் வெயிலை வரைஞ்சேன். இங்க டியூப்லைட் தொங்குது."

மாமா இறங்கி வந்தார். வெயில் வெயிலாகத்தான் இருக்கிறது என்றார். தாளைப் பார்த்துப் பார்த்துச் செருகியதாகச் சொன்னார். ஓவியர் வாதாடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து விளக்கின் கீழே விரித்துப் பிடித்தார்.

"இது என்ன நிறம்?"

"வெள்ளை."

"கைக்குட்டை வெள்ளைதான். இந்த விளக்குல?"

"இந்த விளக்குலயும் வெள்ளைதாங்க."

ஓவியர் வாட்ச்மேன் அண்ணனைப் பார்த்தார். வாட்ச்மேன் அண்ணன் மாமாவைப் பார்த்தார். இருவரும் ஒரே டீக்கடையில் வருஷக்கணக்காக ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். "கொஞ்சம்… வானம் மாதிரி இருக்கு அண்ணே" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பொறுப்பாளர் அம்மாவை அழைத்தார்கள். அவரும் பார்த்துவிட்டு நீலம் என்றார்.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. அதற்குப் பிறகு பொறுப்பாளர் அம்மா பேசியது சுருக்கமாக இருந்தது. விழாவைத் தள்ளிப்போட முடியாது. விளக்குகளே நீலம் கலந்த குளிர் வெளிச்சம் தருகிற வகை என்பதால் தாளை மட்டும் உருவினால் போதாது. எனவே நாளைக்கு இப்படியே திறப்போம். ஆனால் சீக்கிரம் சரியாக வேண்டும், கண்ணைக் காட்டுங்கள். சரியாகவில்லை என்றால் வெளியூர்க் கம்பெனி ஒன்றை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கம்பெனி வந்தால் இந்தக் கண்காட்சிக்கு மட்டும் வந்துவிட்டுப் போகாது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

எல்லாரும் போன பிறகுதான் மாமா என்னை உள்ளே கூப்பிட்டு, அந்தத் துண்டுச் சுவரைக் காட்டி, மேலே எழுதிய கேள்வியைக் கேட்டார்.

கண் டாக்டர் இளம் வயதுக்காரர். மாமாவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் நல்லாவே புரை விழுந்திருக்கு. இது நேத்து வந்தது இல்ல. எப்படி இத்தனை நாள் ஓட்டுனீங்க?" என்றார்.

"வண்டி ஓட்டல டாக்டர், விளக்குதான் போட்டேன்" என்றார் மாமா.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மஞ்சளாகிப் பழுப்பாகும். டீ நிறக் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்ப்பது போல. ஆனால் மெல்ல மெல்ல ஆவதால் பார்க்கிறவருக்கே தெரியாது. மாமா அந்தப் பழுப்பை ஈடுகட்டத்தான் தன்னை அறியாமல் வெளிச்சத்தில் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். வலது கண்ணை முதலில் செய்வோம், ஒரு மாதம் கழித்து இடது கண் என்று முடிவானது.

வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சொட்டு மருந்து போடும் வேலை எனக்கு. மாமா கூடத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வீட்டுக்கு யாரு நீலம் அடிச்சது?"

"நீங்கதான்" என்றாள் அத்தை.

வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். பிறகு இதை மூடி அதைத் திறந்தார். சின்னக் குழந்தை விளையாடுவது போல மாற்றி மாற்றிச் செய்தார். ஒரு கண்ணில் நாள்பட்ட செய்தித்தாள் போலச் சுவர், மறு கண்ணில் சலவை செய்த வேட்டி போலச் சுவர். அப்படியே திரும்பி அத்தையைப் பார்த்தார்.

"உனக்கு இவ்வளவு நரை இருக்கா?"

"அந்தக் கண்ணை மூடிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

சில நாள் கழித்து அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஏணி ஏறக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாமா கீழே நாற்காலியில் உட்கார, வாட்ச்மேன் அண்ணன் ஏணியில் ஏறினார். திருடனைப் பிடிக்கத் தயாராக இருக்கிற அந்த ஆளுக்கு உயரம் என்றால் பயம் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

"இன்னும் ரெண்டு படி ஏறுப்பா."

"இங்கிருந்தே எட்டும் அண்ணே."

"உன் மூச்சுதான் எட்டும். ஏறு."

பழைய விளக்குகளைத் தள்ளிவிட்டு, கிடங்கு அறையில் தூசி படிந்து கிடந்த, மஞ்சள் வெளிச்சம் தருகிற இளஞ்சூட்டு விளக்குகளை மாட்டினார்கள். நீலத் தாள்களை எல்லாம் உருவினார்கள். மாமா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "இடப்பக்கம், இன்னும், போதும், அய்யோ அது எனக்கு இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஓவியர் வந்து பார்த்தார். சதுரங்களில் வெயில் விழுந்திருந்தது. "இதுதான்" என்றார். பொறுப்பாளர் அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார். வெளியூர்க் கம்பெனி பேச்சு அத்தோடு நின்றது. கதையும் அங்கேயே நின்றிருக்கும், நடுவில் புதன்கிழமை வராமல் இருந்திருந்தால்.

புதன்கிழமை காலையில் வயதானவர்களுக்கு டிக்கெட் கிடையாது. ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் தலைமையில் ஒரு கூட்டம் தவறாமல் வரும். வாட்ச்மேன் அண்ணன் அதற்குப் புதன் கோஷ்டி என்று பெயர் வைத்திருந்தார். கோஷ்டிக்குப் படம் பார்ப்பதும் முக்கியம், பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதும் முக்கியம். வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் வந்து ஓடிவிட்டுப் போவார்கள்.

அந்தப் புதன்கிழமை தபால்காரர் முதல் அறையைச் சுற்றிவிட்டு வந்து கேட்டார். "என்னப்பா, போன வாரம் பளிச்சுனு இருந்துச்சு. இந்த வாரம் படமெல்லாம் அழுக்காயிருக்கு?"

"நேத்துதான் துடைச்சோம் ஐயா" என்றார் வாட்ச்மேன் அண்ணன்.

"எதால துடைச்ச, டீயிலயா?"

கூட வந்த ஓர் அம்மா, "போன வாரம் இந்தத் தரையில வெயில் விழுந்திருந்துச்சு. இப்ப வெறும் தரையா இருக்கு. படத்தை மாத்திட்டீங்களா?" என்றார். வாட்ச்மேன் அண்ணன் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரிக்கத்தான் போனேன்.

மாமா சிரிக்கவில்லை. எழுந்துபோய் அந்தப் படத்தின் முன்னால் நின்று வலது கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே நின்றார். ஆபரேஷன் ஆகாத இடது கண்ணில் அந்த வெயில் சதுரம் சுவரோடு சுவராகக் கரைந்துபோயிருந்ததாம். "வெயிலே இல்ல மருமகளே" என்றார். "அவங்க சொல்றது சரி. அவங்க கண்ணும் என் பழைய கண்ணும் ஒண்ணு."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக மாமா போட்ட தப்பான விளக்கு புதன் கோஷ்டிக்குச் சரியான விளக்காக இருந்திருக்கிறது.

மாமாவுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. நேராகப் பொறுப்பாளர் அம்மாவிடம் போய்விட்டார். புதன்கிழமை காலை மட்டும் பழைய விளக்குகளைப் போடலாம், அதே பட்டையில் இரண்டு வரிசையாக மாட்டிவைத்தால் ஒரு சுவிட்சில் மாறிவிடும் என்றார்.

பொறுப்பாளர் அம்மா நல்லவர்தான். ஆனால் அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். "நீலத்தை வெள்ளைன்னு சொன்னீங்க. அப்புறம் தப்புன்னு நீங்களே மாத்துனீங்க. இப்ப மறுபடியும் நீலம்தான் சரிங்கிறீங்க. நான் எதை நம்புறது?"

"ரெண்டையும் நம்பலாங்க."

"வரைஞ்சவங்க ஒத்துக்கிட்டா பாக்கலாம். அவங்களைக் கேக்காம ஒரு விளக்கைத் தொட்டீங்கன்னா அடுத்த வருஷம் என்னால உங்களை வச்சுக்க முடியாது."

ஓவியரிடம் போனில் கேட்டார்கள். "என் படத்தை இன்னொரு தடவை ஐஸ்ல வைக்க விட மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. காட்ட வேண்டும். அதற்கு அவரிடம் இருந்த ஒரே கருவி அந்த இரண்டு கண்கள்தான், அதுவும் இடது கண் ஆபரேஷன் ஆகிற வரைக்கும்தான். அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிறக் கண்ணாடித் தாள்களைப் பரப்பினார். இளமஞ்சள், தேன் நிறம், வைக்கோல் நிறம், வெளிறிய பழுப்பு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வலது கண் முன்னால் பிடிப்பார். பிறகு அதை மூடி, வெறும் இடது கண்ணால் அதே பொருளைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒன்றாகத் தெரிந்தால், நல்ல கண் உள்ள யாரும் அந்தத் தாள் வழியாகப் பார்த்து, புரை விழுந்த கண் பார்ப்பதைப் பார்க்கலாம். கேட்க எளிதாக இருக்கிறது. மஞ்சள் சரியாக வந்தால் சிவப்பு ஓடிவிடும். சிவப்பைப் பிடித்தால் நீலம் கறுத்துவிடும். அத்தையின் பச்சைப் புடவை, என் பழைய பள்ளிப் பை, காலண்டர், வாழைப்பழம் எல்லாம் மேசைக்கு வந்தன. வாழைப்பழத்தை இரண்டு தடவை நான் தின்றுவிட்டேன்.

தேதி வந்தது. தாள் அடுக்கு இன்னும் பொருந்தி வரவில்லை. மாமா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தள்ளிப்போடச் சொன்னார். அத்தைக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஊருல எல்லாரும் கண்ணு தெரியணும்னு ஆபரேஷன் பண்ணிக்கிறாங்க. டாக்டர் வெட்டி எடுத்துப் போட்டதை இவர் தாள்ல செஞ்சு திரும்ப ஒட்டிக்கிறாரு."

"ரெண்டு வாரம்தான்மா."

"அந்தக் கண்ணு முத்திப்போனா என்ன செய்வீங்க?"

"டாக்டரைக் கேட்டுட்டேன். ரெண்டு வாரத்துல ஒண்ணும் ஆகாதாம்."

"டாக்டருக்கு நீங்க ஏணியில ஏறப்போறது தெரியுமா?"

அத்தை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து மேசையருகில் நின்றாள். "அந்தப் பழுப்பு ஒண்ணு அதிகமா இருக்கு. நேத்து வச்சது நல்லாயிருந்துச்சு, நீங்க பாத்துட்டு 'கிட்ட வந்துட்டேன்'னீங்களே" என்றாள். நேற்று வைத்த அடுக்கை அவள் எடுத்துத் தனியாக வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தபோது சரியாக வந்தது.

ஓவியர் தன் படம் வாங்க வந்தவர்களோடு அருங்காட்சியகத்துக்கு வந்த ஒரு நாளில், மாமா அவரைத் தடுத்து நிறுத்தினார். தாள்களை ஓர் அட்டைச் சட்டத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

"ஒரு தடவை இது வழியா உங்க படத்தைப் பாருங்க. பிடிக்கலன்னா நான் அப்புறம் பேசவே மாட்டேன்."

"நீங்க பேசாம இருப்பீங்கன்னு யாரும் நம்ப மாட்டாங்க" என்றார் ஓவியர். ஆனாலும் வாங்கிப் பார்த்தார்.

அட்டையை இறக்கினார், மறுபடி தூக்கினார். அவர் முன்னால் இருந்தது காலி நாற்காலியும் தரையில் வெயிலும் உள்ள படம். அட்டை வழியாக நானும் முன்பே பார்த்திருந்ததால் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியும். நாற்காலி இருந்தது, வெயில் இல்லை.

மாமா அந்த ஒரு சுவருக்கு மட்டும் பழைய விளக்கு வரிசையை அவிழ்க்காமல் வைத்திருந்தார். ஓவியரைக் கேட்டார், "போடலாமா?" அவர் தலையை ஆட்டிய பிறகுதான் வாட்ச்மேன் அண்ணன் சுவிட்சைத் தட்டினார். சுவர் நீலமானது. ஓவியர் அட்டை வழியாகப் பார்த்தார். தரையில் வெயில் திரும்ப வந்திருந்தது.

"எங்கம்மா இருக்காங்க" என்றார், அட்டையை இறக்காமலே. "வீட்டுல ஒவ்வொரு படத்தையும் முதல்ல அவங்களுக்குத்தான் காட்டுவேன். ஒவ்வொண்ணுக்கும் 'ஏன் இப்படி இருட்டா வரையிற'ன்னு கேப்பாங்க. எங்கம்மாவுக்கு என் படம் பிடிக்காதுன்னு நினைச்சுட்டு, இப்ப சில வருஷமா காட்டுறதையே விட்டுட்டேன்."

மாமா முதல் தடவையாக ஒன்றும் பேசவில்லை.

"ஒரு புதன்கிழமை" என்றார் ஓவியர். "ஒண்ணே ஒண்ணு. பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் புதன்கிழமை மூன்று அறைகளிலும் பழைய விளக்குகள் எரிந்தன. மாமாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓவியர் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். எண்பதைத் தாண்டியவர். இருதயம் பலவீனம் என்று அவருக்குக் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். பொறுப்பாளர் அம்மா அறை வாசலில் கை கட்டி நின்றார். புதன் கோஷ்டி பெஞ்சில் இருந்து வேடிக்கை பார்த்தது.

அந்த அம்மா ஒரு படத்தைப் பார்த்தார். அடுத்ததுக்குத் தள்ளச் சொன்னார். மடித்த போர்வை இருந்த படத்தின் முன்னால் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இவ்வளவு வெயில் அடிக்குது. இந்தப் போர்வையை வெளிய காயப்போடாம எவ மடிச்சு வச்சா?"

தபால்காரர் முதலில் சிரித்தார். ஓவியர் சிரிக்கவில்லை. நாற்காலியை நகர்த்தாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு பொறுப்பாளர் அம்மாவின் பக்கம் திரும்பி, "கண்காட்சி முடியற வரைக்கும் புதன்கிழமை காலைல இப்படியே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரம் மாமா இடது கண்ணையும் செய்துகொண்டார். இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் சுவர் வெள்ளைதான். பழைய கண் எப்படிப் பார்த்தது என்று இனிமேல் அவருக்கும் தெரியாது. அந்த அட்டைதான் மிச்சம். அது டிக்கெட் மேசையில் ஒரு கயிற்றில் தொங்குகிறது. வருகிற பிள்ளைகள் அதை முகத்தில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாமா விளக்குகளை மாற்றிப் போடும்போது ஒரு தடவை வெறும் கண்ணாலும் ஒரு தடவை அட்டை வழியாகவும் பார்க்கிறார்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். பொறுப்பாளர் அம்மா மாமாவுக்கு இன்னொரு வருஷம் கொடுத்தார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அடுத்து வந்த கண்காட்சிக்காரர், புதன்கிழமை விளக்கெல்லாம் தனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அதற்கடுத்தவர் ஒத்துக்கொண்டார். ஏணியைப் பற்றி வீட்டில் சண்டை இன்றும் நடக்கிறது. மாமா சொல்லி, தபால்காரர் தானும் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, அடுத்த புதன்கிழமையே வந்து, "என்னப்பா எல்லாம் நீலமா இருக்கு?" என்று சத்தம் போட்டார். வாட்ச்மேன் அண்ணன், "நீங்க இனிமே வியாழக்கிழமை வாங்க ஐயா, டிக்கெட் எடுத்துட்டு" என்றார். தபால்காரருக்கு டிக்கெட் விஷயம்தான் வருத்தம்.

நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இன்னும் நிற்கவில்லை.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது பல்பு மங்கல் என்றோ, டிவி அழுக்கு என்றோ சொல்லிக்கொண்டோ, சாக்ஸ் மாற்றிப் போட்டுக்கொண்டோ இருந்தால், சிரித்துவிட்டுப் போகாதீர்கள். மாமாவின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள், கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். படம் மாட்டுகிறவர்கள், விளக்கு போடுகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்ய முடியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வாரத்தில் ஒரு காலையாவது வெயில் தெரியட்டும்.